மேப்பிளுக்குத் தண்ணீர் எங்கே ஊற்றுவது?

மேப்பிள் மரம் ஆழத்துக்கு வேர் விடுவதைவிட அகலத்துக்கு விடுவதுதான் அதிகம். தண்ணீரை உறிஞ்சும் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் ஒன்றரை அடிக்குள் கிடக்கும்; பக்கவாட்டில் கிளைகளின் எல்லையையும் தாண்டிப் போயிருக்கும். அடிமரத்தை ஒட்டிப் புடைத்து நிற்கும் தடித்த வேர்கள் மரத்தைத் தாங்கிப் பிடிக்க இருப்பவை. தண்ணீர் குடிப்பது அவற்றின் வேலை அல்ல. அதனால், வளர்ந்த மரத்தின் அடியிலேயே ஹோஸைப் போட்டுவிட்டுப் போவதில் மரத்துக்குப் பெரிய லாபம் இல்லை. பட்டை ஓயாமல் ஈரமாக இருந்தால் அழுகல் வேறு வந்து சேரும்.

கனடாவின் டொராண்டோ வட்டாரத்தில், தமிழர்கள் நிறைய வாழும் ஸ்கார்பரோ, மார்க்கம் உட்பட, வீட்டு முற்றங்களில் மேப்பிள் சாதாரணமாகக் காணக் கிடைக்கும் மரம். அங்கே மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர். அதுவும் எல்லா மாதங்களிலும் பரவலாகப் பெய்வதால், வளர்ந்த மரம் பெரும்பாலான வாரங்களைத் தானாகவே சமாளித்துக்கொள்ளும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் இரண்டு மூன்று வாரம் மழை பொய்த்தால்தான் ஹோஸுக்கு வேலை.

புதிதாக நட்ட கன்றின் கதை வேறு. நர்சரியிலிருந்து வரும்போது அதன் வேர்கள் முழுவதும் ஒரு மண்ணுருண்டைக்குள் அடங்கியிருக்கும். சுற்றிலும் தோட்டத்து மண் ஈரமாக இருக்கும்போதே இந்த உருண்டை காய்ந்துவிடலாம். இருக்கிற அத்தனை வேரும் அதற்குள்ளிருந்தே உறிஞ்சுகின்றன அல்லவா? ஆகவே முதல் கோடையில் தண்ணீர் அந்த உருண்டையின் மேலேயே இறங்க வேண்டும். நட்ட முதல் இரண்டு வாரம் தினமும், அடுத்த இரண்டு மூன்று மாதம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, அதன் பிறகு வாரம் ஒருமுறை. ஒரு தடவைக்கு, தண்டின் குறுக்களவில் அங்குலத்துக்கு 4 முதல் 6 லிட்டர். 2 அங்குலத் தண்டுக்கு ஒரு வாளி என்று வைத்துக்கொள்ளலாம்.

தென்னைக்கு வட்டப்பாத்தி கட்டுவதுபோல உருண்டையின் விளிம்பைச் சுற்றி மூன்று அங்குல உயரத்துக்கு வரப்பு எழுப்பினால் தண்ணீர் புல்வெளிக்கு ஓடாமல் அங்கேயே இறங்கும். வேர் வெளியே பரவத் தொடங்கியதும் வரப்பைக் கலைத்துவிட வேண்டும். தண்டைச் சுற்றிக் கட்டும் பச்சை நிறத் தண்ணீர்ப் பைகளும் கடைகளில் கிடைக்கின்றன. பெரிய பை 75 லிட்டர் கொள்ளும். சில மணி நேரத்தில் மெல்லக் கசிந்து தீரும். வசதியான பொருள்தான். ஆனால் கோடை முழுக்கக் கழற்றாமல் விட்டால் பைக்கும் பட்டைக்கும் நடுவே ஈரமும் பூச்சியும் குடியேறும். குளிர்நாட்டில் 2 அங்குலக் கன்று நன்றாக வேரூன்றச் சுமார் 3 ஆண்டு பிடிக்கும். ஒரே கோடையோடு கவனிப்பை நிறுத்திவிடுவதுதான் அங்கே பல கன்றுகளுக்கு எமன்.

வளர்ந்த மரத்துக்கு வறட்சிக் காலத்தில் வாரம் ஓர் அங்குல மழைக்கு ஈடான நீர் வேண்டும். அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர். கிளை விரிவு 4 மீட்டர் அகலம் என்றால் அதன் கீழ் 12 சதுர மீட்டருக்குச் சற்று மேல். மொத்தம் சுமார் 300 லிட்டர். ஹோஸைச் சன்னமாகத் திறந்து, 10 லிட்டர் வாளி இரண்டு நிமிடத்தில் நிறையும்படி வைத்தால், ஒரு மணி நேரத்தில் கணக்கு சரியாகிவிடும். கிளைகளின் நிழல் எல்லையை ஒட்டி நான்கு இடங்களில் கால் கால் மணி நேரம் மாற்றிப் போட வேண்டும். களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் இடைவெளி விட்டு ஊற்றலாம்; மணற்பாங்கான மண்ணுக்குக் குறைவாக, ஆனால் அடிக்கடி. புல்லுக்குத் தினமும் பத்து நிமிடம் சுற்றும் ஸ்பிரிங்ளர் புல்லை மட்டுமே நனைக்கும். மரத்துக்கு அது போதாது.

எல்லா மேப்பிளும் ஒன்றல்ல. சிவப்பு மேப்பிளும் வெள்ளி மேப்பிளும் ஆற்றங்கரை, சதுப்பு ஈரத்தைத் தாங்குபவை. சர்க்கரை மேப்பிளுக்கு நீர் தேங்கினால் ஆகாது. சாலையில் பனி உருகத் தூவும் உப்பும் அதற்குப் பகை. வசந்தத்தில் வேர்ப்பகுதியில் நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி இறக்குவது நல்லது. ஜப்பானிய மேப்பிளின் மெல்லிய இலைகள் அனல்காற்றில் ஓரம் கருகும். தொட்டியில் இருந்தால் கோடையில் தினமும் பார்க்க வேண்டியிருக்கும்.

இலையை மட்டும் பார்த்துத் தண்ணீரைக் கூட்டுவது ஆபத்து. நீர் குறைந்தாலும் இலை வாடும். நீர் மிஞ்சி வேர் மூச்சுத் திணறினாலும் அதேபோல வாடும். மரத்தில் ஒரு கிளை மட்டும் வாடினால் வெர்டிசிலியம் என்ற பூஞ்சை நோயாகவும் இருக்கலாம். மண்தான் சரியான சாட்சி. நீண்ட ஸ்குரூடிரைவரை அரை அடி இறக்கிப் பார்த்தால், ஈர மண்ணில் சுலபமாக இறங்கும். காய்ந்த மண்ணில் பாதியிலேயே நின்றுவிடும். அதே ஆழத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் நீர் வடியக் கூடாது.

மரத்தூள், பட்டைத் துண்டு போன்றவற்றால் இரண்டு முதல் நான்கு அங்குலத்துக்கு மூடாக்கு போட்டால் ஈரம் காக்கும். அதைத் தண்டோடு சேர்த்துக் குன்றுபோலக் குவிப்பது டொராண்டோ முற்றங்களில் கண்ணில் படும் அபத்தம். தண்டைச் சுற்றி ஒரு கையகலம் வெறுமையாக இருக்க வேண்டும்.

இலை உதிர்ந்ததும் வேர் தூங்கிவிடுவதில்லை. மண் உறையும்வரை அது வேலை செய்கிறது. வறண்ட இலையுதிர்காலம் என்றால் அக்டோபர், நவம்பரிலும் இளமரத்துக்குத் தண்ணீர் வேண்டும். உறைபனிக்கு முன் தோட்டத்துக் குழாயை வீட்டுக்குள்ளிருந்து மூடிவிடுவார்கள். அந்த ஆண்டின் கடைசித் தண்ணீரை அதற்கு முன்பே ஊற்றிவிட வேண்டும்.