பத்மினி மகிழுந்தும் அமுக்கச் சோதனையும்

மும்பையில் செம்பூருக்கு அருகே உள்ளது குர்லா. அங்கு இயங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் 1964ஆம் ஆண்டு முதல் ஃபியட் 1100 டிலைட் என்னும் மகிழுந்து உருவாக்கப்பட்டது. 1974இல் அது பிரீமியர் பத்மினி என்னும் பெயரைப் பெற்றது. கருப்பும் மஞ்சளும் பூண்டு இந்நகரின் வாடகை ஊர்தியாகப் பல்லாண்டு ஓடியது. மும்பையில் வாடகை ஊர்திகளுக்கு 20 ஆண்டு வயது வரம்பு உண்டு. 2003 அக்டோபர் 29 அன்று தார்டேவ் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவான கடைசிப் பத்மினி, 2023 அக்டோபர் இறுதியில் ஓய்வு பெற்றது.

ஆயினும், சொந்தப் பயன்பாட்டுக்கென வாங்கப்பட்ட பத்மினிகள் சில இன்றும் உறையிட்டு நிற்கின்றன. தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் ஊர்தி தகுதிச் சோதனையில் தேறினால், ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படும். தாத்தாவின் மகிழுந்தை மீண்டும் ஓடச்செய்ய விழைவோர் பலர், முதலில் வண்ணப்பூச்சுக்கும் இருக்கைகளுக்கும் பணம் செலவிடுகின்றனர். இது தலைகீழான வரிசை. இயந்திரம் எந்நிலையில் உள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அதனை இயந்திரத்தைப் பிரிக்காமலே ஓரளவு காட்டுவது அமுக்கச் சோதனை. பணிமனைகளில் இதனைக் ‘கம்ப்ரஷன் பார்த்தல்’ என்பர்.

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக் கைப்பிடியை அழுத்தினால், உள்ளிருக்கும் காற்று விரலைத் தள்ளும். பம்பின் தோல் தேய்ந்திருந்தால் அந்த உந்துதல் குறையும். இயந்திரத்திலும் இதுவே நிகழ்கிறது. பத்மினியின் இயந்திரத்தில் நான்கு உருளைகள் உள்ளன. ஒவ்வோர் உருளையிலும் பிஸ்டன் மேலெழுந்து, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை அமுக்குகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களோ மேலுள்ள வால்வுகளோ சரியாக அடைக்காவிடில் அமுக்கம் கசியும். ஊர்தி மேம்பாலம் ஏறத் திணறும்.

சோதனைக்கு முன் இயந்திரத்தைச் சற்று ஓடவிட்டுச் சூடாக்குதல் நலம். பின்னர், தீப்பொறி எழாதவாறு மின்சுருளின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். திறந்த துளைகளின் வழியே பெட்ரோல் ஆவி வெளிவருமாதலால் இதனை மறத்தல் கூடாது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒரு துளையில் அழுத்தமானியைத் திருகிப் பொருத்துவர். ஒருவர் முடுக்கியை முழுவதும் மிதித்துக்கொண்டு, முள் மேலும் ஏறாது நிற்கும்வரை இயந்திரத்தைச் சுழலவிடுவார். மற்றவர் அளவைக் குறித்துக்கொள்வார். மின்கலம் நன்கு மின்னேற்றப்பட்டிருத்தல் வேண்டும். சுழற்சி மெதுவாக இருந்தால், நல்ல இயந்திரமும் நோயுற்றதாகத் தோன்றும்.

நான்கு உருளைகளும் முறையே 125, 120, 75, 122 என்று காட்டுவதாகக் கொள்வோம். இவை சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அளவுகள். இங்கு மூன்றாம் உருளையே ஐயத்துக்குரியது. அதனுள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் சோதிப்பர். எண்ணெய் பிஸ்டனைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிறிது நேரம் அடைக்கும். அளவு நன்கு உயர்ந்தால், தேய்மானம் வளையத்திலோ உருளைச் சுவரிலோ உள்ளது. உயராவிடில் வால்வை ஐயுறலாம். அடுத்தடுத்த இரண்டு உருளைகள் ஒருசேரக் குறைந்திருந்தால், அவற்றிற்கு இடையே உள்ள ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கக்கூடும். கேஸ்கட்டை மாற்றுவதற்கும் முழு இயந்திரத்தையும் பிரித்துச் செப்பனிடுவதற்கும் செலவில் பெரும் வேறுபாடு உண்டு.

பல்லாண்டு அசையாது நின்ற இயந்திரத்தை உடனே சுழற்றுதல் தகாது. உருளைகளில் சிறிது எண்ணெய் விட்டு ஊறவைத்து, கையால் மெல்லத் திருப்பிப் பார்ப்பர். ஆனால் அந்த எண்ணெய் எஞ்சியிருக்கும்போது எடுத்த அளவு, உள்ளதைவிட நன்றாகக் காட்டி ஏமாற்றும். மாறாக, பிசின்போல் படிந்த அழுக்கில் ஒட்டிய வளையங்கள் முதல் நாள் குறைந்த அளவைக் காட்டி, சில நாள் ஓடியபின் தேறுவதும் உண்டு. எனவே தேர்ந்த பணியாளர், இயந்திரம் ஓடும் நிலையில் இருப்பின், சில நாள் ஓட்டி மறுமுறை அளந்த பின்னரே அதனைப் பிரிக்கலாமா என்று முடிவு செய்வார். இரு முறையும் கிடைத்த அளவுகளைத் தேதியுடன் குறிப்பேட்டில் எழுதி மகிழுந்திலேயே வைத்துவிடுவது நன்று. அடுத்த ஆண்டு அதனைத் திறப்பவருக்கு அவை பயன்படும்.