பஞ்சர் ஒட்டும் முன் முள்ளைத் தேடுங்கள்!

வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் அரைத்துவிட வேண்டும். நேரம் கடந்தால் எடையும் குறையும். சர்க்கரைச் சத்தும் குறையும். உழவர் சந்தைக்குப் போகும் கீரையும் கத்தரியும் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அந்த நேரத்தில் நடுவழியில் வண்டிச் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டால், பஞ்சர் ஒட்டும் கூலியோடு நஷ்டம் நிற்பதில்லை. ஏற்றிய பாரத்தின் விலையிலும் கை வைத்துவிடுகிறது.

டயர் வண்டி, டிராக்டர் டிரெய்லர் ஆகியவற்றில் டியூப் உள்ள சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டுவது பெரிய வித்தை அன்று. சைக்கிள் டியூப் ஒட்டத் தெரிந்தவர்கள் இதையும் பழகிக்கொள்ளலாம். ஆனால், ஒட்டிய மறுநாளே மீண்டும் காற்று இறங்குகிறது என்று விவசாயிகள் பலர் குறைப்பட்டுக்கொள்வது உண்டு. பல சமயங்களில் ஒட்டில் குறை இருப்பதில்லை. முதலில் குத்திய முள்ளே டயருக்குள் ஒடிந்து தங்கியிருக்கும்.

கால்நடை மருத்துவர் தந்த டயர்

காற்றடைத்த டயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு கால்நடை மருத்துவர். பெல்ஃபாஸ்ட் நகரில் தொழில் செய்துவந்த ஜான் பாய்ட் டன்லப் என்பவர், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடவேண்டும் என்று இதைச் செய்து, 1888-ல் காப்புரிமை பெற்றார். அந்த நாள் டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டிருந்ததால் பஞ்சர் பார்ப்பது பெரும்பாடாக இருந்தது. பிரான்சில் விவசாயக் கருவிகளும் ரப்பர் சாமான்களும் செய்துவந்த ஒரு தொழிற்சாலையை நடத்திய மிஷலின் சகோதரர்கள், கழற்றி மாட்டக்கூடிய டயரை 1891-ல் கொண்டுவந்தனர். அதன் பிறகே பஞ்சர் வேலை எளிதாயிற்று.

காற்று இறங்கியதும் செய்ய வேண்டியவை

'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று வண்டியை ஓட்டிச் செல்லலாகாது. காற்றில்லாத டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கிக் கிழியும். ஓர் ஒட்டோடு முடியவேண்டிய வேலை, புது டியூப் வாங்கும் செலவில் கொண்டுபோய் விடும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு, வண்டியின் முன்புறம் சாயாதபடி முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். மற்றச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். பாரத்தை இறக்கிய பிறகே ஜாக்கி போடுவது நல்லது. ஈரமண்ணில் ஜாக்கி புதையாமல் இருக்க, அடியில் கனமான பலகை ஒன்றை வைக்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை, கால் நீட்டக்கூடாது.

டயரைக் கழற்றுமுன் வால்வின் வாயில் எச்சிலோ சோப்பு நீரோ தொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் வால்வு பின்னில்தான் கசிவு. பின்னை இறுக்கினாலோ மாற்றினாலோ போதும்.

கோடு போட்டுக் கழற்றுங்கள்

வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக டயரின் மேல் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இந்தச் சிறிய வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகின்றனர். பிறகு வால்வு பின்னைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்றிவிட்டு, லீவர் போட்டு டியூபை எடுக்கலாம்.

சில வண்டிகளில் ரிம் இரண்டு பாதிகளாக போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கும். காற்று இருக்கும்போது அந்த போல்ட்டுகளைத் தளர்த்தினால் ரிம் வெடித்துச் சிதறி ஆளைக் கொல்லக்கூடும். வளையம் போட்ட ரிம்மும் இப்படி ஆபத்தானதே. இவற்றைக் கடையில் கொடுத்துப் பார்ப்பதே உத்தமம்.

எடுத்த டியூபில் சிறிது காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் பகுதி பகுதியாக அமிழ்த்தினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். ஒரு குமிழியைக் கண்டதும் நிறுத்திவிடாமல் டியூப் முழுவதையும் பார்க்க வேண்டும். முள் டியூபின் இரு பக்கமும் துளைத்திருப்பது உண்டு.

அடுத்து, வால்வு சாக்கட்டிக் கோட்டுக்கு நேராக வரும்படி டியூபை முன்பிருந்த வாட்டத்திலேயே டயரின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். டியூபில் ஓட்டை எங்கே வருகிறதோ, டயரிலும் அதை ஒட்டிய இடத்தில்தான் முள் இருக்கும். சீமைக் கருவேல முள் ரப்பருக்குள் ஒடிந்து நின்றால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. டயரின் உட்புறத்தைப் பஞ்சினாலோ பழந்துணியாலோ தடவினால் முள்முனையில் அது மாட்டிக்கொள்ளும். வெறுங்கையால் தடவக்கூடாது. முள்ளைக் குறட்டால் பிடுங்கியபின் உட்புறம் முழுவதையும் மறுபடி ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்லது.

ஒட்டும் முறை

1. ஓட்டையைச் சுற்றி, பேட்ச்சின் அளவைவிடச் சற்று அகலமாக உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். டியூபின் இணைப்புக் கோடு அங்கே இருந்தால் அது மட்டமாகும்வரை தேய்க்க வேண்டும்.

2. தூசியும் எண்ணெயும் ஈரமும் இல்லாமல் துடைத்து, சொல்யூஷனை மெல்லிதாகத் தடவ வேண்டும். கெட்டியாகப் பூசினால் பிடிப்புக் குறையும்.

3. சில நிமிடம் காயவிட வேண்டும். விரலின் பின்புறத்தால் தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரவேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் பேட்ச் நழுவிவிடும். சொல்யூஷன் தீப்பிடிக்கக்கூடியது, அருகில் பீடி, சிகரெட் கூடாது.

4. பேட்ச்சின் ஒட்டும் பக்கத்தில் கைபடாமல் தாளை உரித்து வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நன்றாக அழுத்த வேண்டும்.

5. மீண்டும் நீரில் அமிழ்த்திச் சோதித்து, ஈரத்தைத் துடைத்து, முகப்பவுடர் தூவி டயருக்குள் வைக்க வேண்டும். சிறிது காற்றடித்த நிலையில் டியூபைப் பொருத்தினால் மடிப்பு விழாது. லீவரின் நுனி டியூபைக் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, டயர் ரிம்மில் சுற்றிலும் சமமாக உட்கார்ந்துள்ளதா என்று கவனிக்க வேண்டும். டயரில் பொறித்துள்ள உச்ச அளவைத் தாண்டலாகாது.

கடைக்கு விடவேண்டியவை

டிராக்டரின் பின்சக்கரத்தில் பாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். அந்தச் சக்கரத்தின் எடை ஓர் ஆளால் தாங்கக்கூடியதன்று. சரிந்தால் எலும்பு முறியும். அதை அனுபவப்பட்டவர்களிடம் விடுவதே நல்லது.

கார், சரக்கு வேன்களில் வரும் டியூப் இல்லாத டயருக்குப் பசை தோய்ந்த ரப்பர்த் திரியைச் செருகி வழியில் சமாளிக்கலாம். தரையில் படும் பகுதியில் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஓட்டைக்கே அது பொருந்தும். பிறகு கடையில் டயரைக் கழற்றி உட்புறம் பார்த்துச் சரிசெய்வது அவசியம். டயரின் பக்கவாட்டில் குத்தியிருந்தால் திரி செருகி ஓட்டக்கூடாது.

வருமுன் காப்போம்

டயரில் குத்திய முள் உடனே டியூபை எட்டிவிடுவதில்லை. சக்கரம் சுழலச் சுழல உள்ளே ஏறிக்கொண்டே போகும். மாலையில் மாட்டை அவிழ்த்ததும் சக்கரத்தை ஒரு சுற்றுப் பார்த்துக் குறட்டால் முள்ளைப் பிடுங்கினால் பாதி பஞ்சர் குறையும்.

வேலிக்கு முள் வெட்டுபவர்கள் கழித்த கிளைகளை வண்டிப்பாதையில் விட்டுச் செல்லாமல் அப்புறப்படுத்த வேண்டும். ஒருவர் பாதையில் விட்ட முள், அடுத்த நாள் ஊரார் அனைவரின் சக்கரத்திலும் ஏறும்; அவருடைய வண்டியும் அந்தப் பாதையில்தானே போகவேண்டும்!

ஜாக்கி, லீவர் இரண்டு, குறடு, உப்புத்தாள், சொல்யூஷன், பேட்ச், வால்வு பின், பம்பு, சாக்கட்டி ஆகியவற்றை ஒரு சாக்குப்பையில் போட்டு வண்டியிலேயே வைத்திருப்பது நல்லது. திறந்த சொல்யூஷன் குழாய் நாளடைவில் காய்ந்துவிடும். அறுவடை தொடங்குமுன் அதைச் சோதித்து, காய்ந்திருந்தால் புதிது வாங்கி வைக்க வேண்டும்.