கன்றுக்காக மாடு: கட்டுபடியாகுமா?

"நாட்டு மாடு அஞ்சு உருப்படி வாங்கி விட்டுட்டா, கன்னுக்குட்டி வித்தே குடும்பம் நடத்திடலாமாங்க?" கூட்டங்களில் புதிதாக விவசாயத்துக்கு வரும் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பாலுக்காக வளர்ப்பது வேறு கதை. காங்கேயம் மாட்டில் கன்று குடித்ததுபோக வீட்டுக் காப்பிக்குத்தான் பால் மிஞ்சும். ஆகவே விற்பதற்கு இருப்பது கன்றும் சாணமும்தான். வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் பேரேடு பார்த்த பழக்கம், இதையும் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஐந்து பசு என்று வைத்துக்கொள்வோம். சினைக்காலம் ஒன்பதரை மாதம். மறுபடி பருவத்துக்கு வந்து சினை பிடிக்க எடுக்கும் நாளையும் சேர்த்தால் ஈற்று இடைவெளி சுமார் 15 மாதம். அப்படியானால் ஐந்து பசுவுக்கு வருஷத்துக்கு நாலு கன்று. சினை நிற்காதது, செத்துப் பிறந்தது, கழிச்சலில் போனது என்று கழித்தால் மூன்றரை. ஒரு பசு எட்டு ஈற்று ஈனும் என்றால் பத்து வருஷம். அதற்குப் பதில் கிடாரி நிறுத்த வேண்டும், இரண்டு வருஷத்துக்கு ஒன்று. கடைசியில் சந்தைக்குப் போவது வருஷத்துக்கு மூன்று கன்று. ஐந்து மாடு என்றால் ஐந்து கன்று என்று மனக்கணக்குப் போடுகிறவர்கள் இங்கேயே சறுக்கிவிடுகிறார்கள்.

இப்போது தீவனம். 350 கிலோ எடையுள்ள பசுவுக்கு உலர்தீவனக் கணக்கில் நாளைக்குச் சுமார் 9 கிலோ வேண்டும். கிடாரி, கன்றுகளையும் சேர்த்தால் ஐந்து பசு உள்ள பட்டி ஏழு மாட்டின் தீனி தின்னும். சோளத்தட்டோ வைக்கோலோ கிலோ 8 ரூபாய் என்று வையுங்கள் (உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்). ஒரு மாட்டுக்கு நாளைக்கு 72 ரூபாய், வருஷத்துக்கு 26,280. ஏழுக்கு 1,83,960. முழுத்தீனியும் விலைக்கு வாங்கினால் அந்த மூன்று கன்றும் தலைக்கு 61,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் தீவனக் காசாவது தேறும். கூலி, வைத்தியம், கொட்டகை எல்லாம் அதற்கு மேல்.

அதையே எட்டு மாதம் மேய்ச்சலில் விட்டு, நாலு மாதம் மட்டும் வாங்கிப் போட்டால்? தீவனச் செலவு 61,000 சொச்சத்துக்கு இறங்கிவிடும், கன்றுக்கு இருபதாயிரம். சொந்தச் சோளத்தட்டும் கடலைக்கொடியும் போரில் இருந்தால் கைக்காசு இன்னும் குறையும்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் நம் பெரியவர்கள் கொறங்காடு வைத்தது இதற்குத்தான். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். மழை குறைந்த மேட்டாங்காட்டில் புல் தானாக முளைக்கும். வேலி அடைப்பாக இருப்பதால் மேய்ப்பதற்குத் தனி ஆள் வேண்டாம். வெள்வேலங்காய் கோடையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி. மாடு மேய்ந்த காட்டில் பின்னால் ஆட்டை விடுவார்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை உழுது சோளமோ பயறோ விதைத்துப் புல்லைப் புதுப்பிப்பார்கள். காங்கேயம் மாடு அந்தப் புல்லுக்கும் அந்த வெயிலுக்கும் பொருந்தி வந்த மாடு. அதை நாலு சுவருக்குள் கட்டி வைத்துத் தீனி வாங்கிப் போட்டால் மாட்டுக்கும் நஷ்டம், மாட்டுக்காரனுக்கும் நஷ்டம்.

விற்பனை விலையைப் பற்றி ஒரு வார்த்தை. டிராக்டர் வந்தபின் உழவுக்கும் வண்டிக்கும் ஜோடி தேடுகிறவர் குறைந்துவிட்டார். 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஜல்லிக்கட்டு, ரேக்ளா ஆர்வத்தால் காளைக்கன்றுக்குக் கேள்வி உண்டு. ஆனால் கண்ணபுரத்திலும் அந்தியூரிலும் லட்சத்துக்கு விலை போன காரியும் மயிலையும்தான் செல்போனில் சுற்றும். சுமாரான கன்று என்ன விலைக்குப் போனது என்று யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. உங்கள் கணக்கில் சுமாரான கன்றின் விலையையே எழுதுங்கள்.

சாணத்திலும் அப்படித்தான். பகலில் காட்டில் போடுவது காட்டுக்கு. இரவு பட்டியில் விழுவதுதான் கைக்கு வரும். அதை மக்கவைத்தால் டிராக்டர் லோடு எரு வாங்கும் காசு மிச்சம், அந்தத் தொகையை வரவு வைக்கலாம். லிட்டர் பஞ்சகவ்யம் இத்தனை ரூபாய், அதனால் மாட்டுக்கு மாதம் இத்தனை ஆயிரம் என்று சிலர் பேசுகிறார்கள். யார் வாங்குவது? வங்கியில் 90 நாள் நிலுவை விழுந்த கடனுக்கு, வராத வட்டியை வருமானமாகக் காட்ட முடியாது. இதற்கும் அதே விதிதான்.

ஐந்து பசுவில் போட்ட முதல் மூன்று லட்சம் என்றால், 7 சதவீதத்தில் வட்டி மட்டும் 21,000. கால்நடைக்கும் 2018–19 முதல் கிசான் கடன் அட்டை உண்டு, ஆனால் அது தீவனம், வைத்தியம் போன்ற நடைமுறைச் செலவுக்கு. மாடு வாங்கக் கைக்காசு இருந்தால் மட்டும் இறங்குங்கள், அதுவும் இரண்டு உருப்படியில் தொடங்குங்கள்.

வெளிநாட்டில் லாபம் கொட்டுகிறது என்று நினைக்க வேண்டாம். அயர்லாந்தில் பால் கறக்காமல், கன்றைத் தாயிடமே ஊட்டவிட்டு இறைச்சிக்கு விற்கும் பண்ணைகள் ஏராளம். நல்ல மழை, நல்ல புல். அங்கேயே பெரும்பாலான வருஷங்களில் அந்தப் பண்ணைகளுக்கு வரும் மானியம், மொத்தக் குடும்ப வருமானத்தைவிட அதிகம். மானியத்தை எடுத்துவிட்டால் நஷ்டம். நமக்கு அந்த மானியமும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும்: ஈற்று நின்ற கிழட்டுப் பசு. நம்மில் பலர் அதை அடிமாட்டுக்குக் கொடுக்க மாட்டோம். கொடுக்கிறவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் வெட்டலாம். கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் மனசு. வைத்துக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்தால், அந்த ஒரு மாட்டின் தீனியையும் முதல் நாளே செலவில் எழுதிவிடுங்கள். ஐந்து பசுப் பட்டியில் ஒன்றாவது அப்படி நிற்கும். ஏழு மாட்டின் தீனி அப்போது எட்டாகும், விற்கும் கன்று அதே மூன்றுதான்.