உங்களுக்குத் தெரியுமா? வாசனைக்குப் பெயர் வைத்தவர்கள்

மலேசியாவில் பேராக், கிளந்தான் மாநிலங்களின் மலைக்காடுகளிலும், எல்லை தாண்டித் தாய்லாந்திலும் வாழும் பழங்குடியினர் ஜஹாய் மக்கள். அவர்களுடைய மொழியைப் பேசுவோர் சுமார் 1,000 பேர்தான். ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்து மொழி இது. கெமர், வியட்நாமியம் மட்டுமல்ல, இந்தியாவின் சந்தாலியும் காசியும்கூட இதற்குத் தூரத்துச் சொந்தம்.

வாசனைக்கென்றே ஜஹாய் மொழியில் பன்னிரண்டு சொற்கள் போல உண்டு. 'மல்லிகை வாசம்', 'மீன் வாடை' என்று பொருளின் பெயரை இரவல் வாங்க வேண்டியதில்லை. பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் மூன்றுக்கும் ஒரே சொல். நசுக்கிய பேனுக்கும் அணில் ரத்தத்துக்கும் இன்னொரு சொல். நம் 'கவிச்சி' ஏறக்குறைய அந்த ரகம். அந்த வாடை புலியை இழுத்து வந்துவிடுமாம். பூவும் வாசனைத் தைலமும் துரியன் பழமும் ஒரே சொல்லுக்குள் அடக்கம். துரியன் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை!

ஆசிஃபா மஜீத், நிக்லஸ் புரென்ஹுல்ட் என்ற ஆய்வாளர்கள் ஜஹாய்க்காரர் 10 பேரிடமும் ஆங்கிலம் பேசுவோர் 10 பேரிடமும் 12 வாசனைகளை முகரக் கொடுத்து, நிறங்களையும் காட்டிப் பெயர் கேட்டார்கள். நிறங்களைச் சட்டென்று சொன்ன ஆங்கிலத்தார், நன்கு பழகிய லவங்கப்பட்டைக்கே சுற்றி வளைத்தார்கள். ஜஹாய்க்காரர்களுக்கோ நிறமும் வாசனையும் ஒன்றுபோலவே எளிதாக வந்தன. ஆய்வு வெளியான ஆண்டு 2014.

அண்ணன் தங்கை அருகருகே நெருங்கி உட்காரக்கூடாது என்பது ஜஹாய் வழக்கம். உடல் வாசனைகள் கலந்துவிடும். அது முறைகேடான உறவுக்குச் சமம்.

வாசனைக்குப் பெயர் சொல்லும் இந்தத் திறமை மொழிக்குடும்பம் தந்த வரமா? இல்லை போலிருக்கிறது. அதே தீபகற்பத்தில் வேட்டையாடி வாழும் செமாக் பெரி மக்களுக்கும் அது உண்டு. அவர்களுக்கு நெருங்கிய மொழியைப் பேசினாலும், பயிரிட்டு வாழும் செமெலாய் மக்களுக்கு இல்லை.

ஜஹாய் மொழியைப் பதிவு செய்யப் போன இடத்தில் இன்னொரு மொழியும் அகப்பட்டது. கிளந்தானில் சுங்கை ருவால் என்ற ஊரில் சிலர் பேசியது ஜஹாய் அல்ல, ஜெடெக். பேசுவோர் சுமார் 280 பேர். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் யேகரும் புரென்ஹுல்ட்டும் 2017-ல் இதை எழுதினார்கள். யாரும் எட்டிப்பார்க்காத அடர்காடு என்று நினைத்துவிட வேண்டாம். அலைந்து திரிந்தவர்களை 1970-களில் குடியமர்த்திய ஊர் அது. மானுடவியலாளர்கள் முன்பே போய் ஆராய்ந்துவிட்டு வந்த ஊரும்கூட.