ரூட்டருக்கும் மணி தெரிய வேண்டும்

ரூட்டருக்குள் இருக்கும் கடிகாரம், கைக்கடிகாரத்தைப் போலவே, ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வை எண்ணித்தான் நேரம் காட்டுகிறது. அறையின் வெப்பம் ஏறி இறங்கினால் அந்த அதிர்வும் சற்றே மாறும். பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினாலே ஒரு நாளில் சுமார் 1.7 விநாடி தவறிவிடும். ஒரு மாதத்தில் அது 50 விநாடியைத் தாண்டும். விலை குறைந்த ரூட்டர்கள் பலவற்றில் கடிகாரத்துக்கெனத் தனி பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் அவற்றில் பலவும் 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணத் தொடங்கிவிடும்.

இந்தப் பிசகைத் திருத்துவதற்காக உருவான நெறிமுறைதான் என்டிபி. பின்னாளில் அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டேவிட் மில்ஸ் இதை வகுத்தார். முதல் வரையறை 1985-இல் வெளியானது. அணுக் கடிகாரமும் ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் இதில் சுழியப் படி. அவற்றோடு நேராக இணைந்த சர்வர் முதல் படி, அதனிடம் நேரம் கேட்பது இரண்டாம் படி என 15 வரை போகும். 16 என்று காட்டினால், அந்தக் கருவியின் நேரத்தை நம்ப முடியாது.

கேட்டுப் பதில் வாங்குவதற்குள் சிறிது நேரம் கழிந்துவிடுமே, அதை என்ன செய்வது? என்டிபியின் நுட்பமே இங்கேதான் இருக்கிறது. ரூட்டர் தன் கணக்குப்படி சரியாக 10 மணிக்குக் கேள்வியை அனுப்புகிறது. சர்வரின் கடிகாரத்தில் அது 10 மணி 2.02 விநாடிக்கு வந்து சேர்கிறது. உடனே பதில் கிளம்புகிறது. ரூட்டரில் பதில் வந்து சேரும்போது 10 மணி 0.04 விநாடி. போக வர ஆனது 0.04 என்றால், போவதற்கு மட்டும் 0.02. ஆக, ரூட்டர் 2 விநாடி பின்தங்கியிருக்கிறது. போகும் வழியும் வரும் வழியும் ஒரே நேரம் எடுக்கும் என்ற அனுமானத்தில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. வழிகளின் வேகம் மாறினால் விடையும் சற்றுப் பிசகும்.

குறித்த நேர வேலைகளும் இந்தக் கடிகாரத்தையே நம்பியிருக்கின்றன: இரவில் அமைப்புகளைப் பேக்கப் எடுப்பது, அலுவலக நேரத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது, ரூட்டரை ரீஸ்டார்ட் செய்வது. கடிகாரம் 2:59-லிருந்து சட்டென்று 3:01-க்குத் தாவினால், 3 மணி வேலை விடுபட்டுப் போகக்கூடும். பின்னோக்கித் தாவினால் அதே வேலை இருமுறை நடக்கலாம். அதனால்தான் சிறிய வித்தியாசங்களை என்டிபி ஒரேயடியாக மாற்றுவதில்லை. கடிகாரத்தின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ மெல்லச் சரிசெய்கிறது.

கடிகாரப் பிசகு மாற்று ரூட்டர் ஏற்பாட்டையும் தொடும். ஒரு ரூட்டர் பழுதானால் இன்னொன்று கைகொடுப்பதற்கு விஆர்ஆர்பி என்ற நெறிமுறை இருக்கிறது. 1998-இல் இதன் முதல் வரையறை வந்தது. இரண்டு ரூட்டர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. தலைமை ரூட்டர் பொதுவாக விநாடிக்கு ஒருமுறை, தான் இயங்குவதாக அறிவிக்கும். மூன்று விநாடிக்குச் சற்று மேல் அறிவிப்பு வராவிட்டால் காத்திருப்பு ரூட்டர் பொறுப்பேற்கும். அலுவலகத்துக் கணினிகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு இயங்குவதற்குச் சரியான மணி தேவையில்லை. இடைவெளியை எண்ணத் தெரிந்தாலே போதும். ஆனால் நேரம் தவறினால் இது கெட்டுவிடக்கூடும். ஒரு ரூட்டர் 3:00-க்கும் மற்றது 3:30-க்கும் ரீஸ்டார்ட் ஆகுமாறு வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். முதலாவதின் கடிகாரம் அரை மணி பின்தங்கியிருந்தால் இரண்டும் ஒன்றாக அணையும். மாற்று ரூட்டர் இருந்தும் இணைப்பு அறுந்துவிடும்.

நடந்தது என்னவென்று பிறகு தேட வேண்டியது லாக் பதிவுகளில். இரு ரூட்டர்களின் நேரமும் ஒத்துப்போகாவிட்டால் எது முதலில் விழுந்தது என்றே சொல்ல முடியாது. இந்தியாவில் கடிகாரங்களை ஒத்துப்போக வைப்பது சட்டக் கடமையும்கூட. நிறுவனங்கள் தம் கணினிக் கடிகாரங்களை தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடோ, அவற்றை அடியொற்றிய சர்வர்களோடோ இணைக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது.