ரசீதில் இல்லாத பதிப்பு எண் உங்களைக் காப்பாற்றாது

"ஓவியரே கைப்பட மெருகேற்றியது, மொத்தம் ஐம்பதே பிரதிகள்" என்று சொல்லி அச்சு ஓவியங்களை விற்கிறார்கள். எண்பதாயிரம், ஒன்றரை லட்சம் என்று கொடுத்து வாங்குகிறார்கள். பிறகு சந்தேகம் வந்து விசாரிக்கிறவர்களிடம் முதலில் ரசீதைக் கேட்டால், அதில் 'ஃப்ரேம்டு ஆர்ட் – 1' என்று ஒரே வரி இருக்கிறது. ஓவியர் பெயரும் இல்லை, பதிப்பு எண்ணும் இல்லை. சிலரிடம் ரசீதே இல்லை. ஜிஎஸ்டியை மிச்சப்படுத்த அவர்களே வேண்டாம் என்றிருக்கிறார்கள். பளபளப்பான சான்றிதழ் ஒன்று மட்டும் பத்திரமாக இருக்கும். அதில் விற்றவர் கையெழுத்து இருக்காது. படித்தவர்களே இப்படிச் செய்வதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஓவியர் தகட்டிலோ கல்லிலோ பட்டுத்திரையிலோ உருவாக்கி அச்செடுக்கும் எட்சிங், லித்தோகிராஃப், செரிகிராஃப் ஒரு வகை. ஏற்கெனவே வரைந்த ஓவியத்தை ஸ்கேன் செய்து, இங்க்ஜெட்டில் அடித்து, மேலே அங்கங்கே அக்ரிலிக் தீற்றுவது இன்னொரு வகை. ஓவியரே தீற்றி, உள்ளதைச் சொல்லி விற்றால் இரண்டாவதையும் தாராளமாக வாங்கலாம். இதை முதல் வகை என்று சொல்லி விற்பதும், பட்டறையில் யாரோ தீற்றியதை ஓவியர் கைவேலை என்பதும்தான் மோசடி.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். மஞ்சள், நீலம், கருஞ்சிவப்புப் புள்ளிகள் பூப்போல வட்டம் கட்டி நின்றால் அது ஆஃப்செட். புள்ளிகள் தூவினாற்போல் சிதறிக் கிடந்தால் இங்க்ஜெட். செரிகிராஃபில் பெரும்பாலும் ஒவ்வொரு நிறமும் புள்ளியில்லாமல் படலமாகப் படிந்திருக்கும். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் பென்சில் கையெழுத்தில் கரியின் மினுமினுப்பு தெரியும். அச்சிட்ட கையெழுத்தில் அது வராது. கையெழுத்து அசலாக இருந்தாலும் போதாது. 1974-ல் பிரெஞ்சு சுங்கத்துறை மறித்த ஒரு லாரியில் சால்வதோர் டாலி கையெழுத்திட்ட 40,000 வெற்றுத்தாள்கள் இருந்தன.

எனவே ரசீதுக்கு வாருங்கள். ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, அளவு, அச்சு முறை, காகிதம், உங்கள் பிரதியின் எண், மொத்தப் பதிப்பு, அதற்கு வெளியே ஓவியருக்கும் அச்சகத்துக்கும் ஒதுக்கிய பிரதிகள் எத்தனை, கைவேலை யார் செய்தது, இதே படம் வேறு அளவில் வருமா – இவ்வளவும் ரசீதிலோ அதோடு இணைத்துக் கையெழுத்திட்ட தாளிலோ இருக்க வேண்டும். கைவேலை செய்த பிரதிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. உங்கள் எண் தெரியும்படி முன்னும் பின்னும் எடுத்த படத்தைப் பணம் கட்டுமுன் மின்னஞ்சலில் வாங்குங்கள். ஜிஎஸ்டி பில்லில் பொருளின் வகையைக் காட்டும் எச்எஸ்என் குறியீட்டையும் போடச் சொல்லுங்கள். ஓவியர் முழுக்கக் கையால் செய்த தகட்டிலிருந்து நேரடியாக எடுத்த அச்சுகளுக்கு 9702. இயந்திர, புகைப்பட முறை அச்சுகள் அதில் சேரா. சாதாரண அச்சுப் படங்களுக்கு 4911. வாயால் 'ஒரிஜினல் லித்தோ' என்பவர் பில்லில் 4911 போட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஃப்ரேம் போடுபவர் ஓரத்தை வெட்டவோ, அட்டையில் பசை போட்டு ஒட்டவோ விடாதீர்கள். எண்ணும் கையெழுத்தும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. அதுதான் உங்கள் சாட்சியம்.

ஏமாந்துவிட்டீர்களா? விற்றவருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் கொடுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால் 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும் பதியுங்கள். பதில் இல்லையென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை. 50 லட்சம் வரை அங்கேயே விசாரிப்பார்கள். வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். "விற்றவர் மும்பையில் இருக்கிறார், அங்கே போங்கள்" என்று யாராவது திருப்பி அனுப்பினால் நகராதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. ரசீது தர மறுப்பதே அச்சட்டப்படி முறையற்ற வணிகம்.

ஒரு எச்சரிக்கை. புகாரில் "லாபத்துக்கு விற்கலாம் என்று முதலீடாக வாங்கினேன்" என்று எழுதிவிடுகிறார்கள். மறுவிற்பனைக்கு வாங்குபவர் சட்டப்படி நுகர்வோரே அல்ல. எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்தே புகாரைத் தள்ளச் சொல்லும். வீட்டுச் சுவருக்கு வாங்கினீர்கள் என்றால் அதை மட்டும் எழுதுங்கள்.

போலிக் கையெழுத்து என்றால் காவல் நிலையத்துக்கும் போங்கள். "இது சிவில் மேட்டர்" என்பார்கள். பொய் சொல்லிப் பணம் பறிப்பது எப்படி சிவில் ஆகும்? பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-ன்படி அது ஏழாண்டு வரை சிறைக்குரிய மோசடிக் குற்றம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். தராவிட்டால் எழுத்துப் புகாரை மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: ரசீதை எடுத்து இன்றே படியுங்கள். விவரம் இல்லையென்றால் இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டுதான் அவகாசம். தாமதத்துக்குக் காரணம் காட்டினால் ஏற்கலாம். ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. கடைக்காரர் "பார்க்கலாம் சார்" என்று இழுத்தடிக்கும் மாதங்களும் அந்தக் கணக்கில்தான் கழியும்.