மூப்படையும் கேலக்ஸிகள்

பிரபஞ்சம் என்றென்றும் விரியுமா, ஒருநாள் திரும்பச் சுருங்குமா? 1960களில் இதற்கு விடை தேடிய வானியலாளர்கள் மாபெரும் நீள்வட்ட கேலக்ஸிகளை நம்பியிருந்தார்கள். அவை எல்லாக் காலத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளி வீசுகின்றன, மங்கலாகத் தெரிந்தால் தொலைவு அதிகம், அந்தத் தொலைவுகளிலிருந்து விரிவின் போக்கை அறியலாம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கின் அடித்தளத்தையே அசைத்தவர், இருபதுகளின் நடுவில் இருந்த ஓர் ஆராய்ச்சி மாணவி: பியாட்ரிஸ் டின்ஸ்லி.

1941இல் இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். இயற்பியலாளரான கணவருடன் 1963இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகருக்கு வந்தார். அங்கிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஸ்டின் நகரப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்து, மூன்றாண்டுக்குள் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார்.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. கேலக்ஸியின் ஒளி அதன் விண்மீன்களின் ஒளிதானே? பெரிய விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குள் எரிந்து தீர்கின்றன. சூரியன் போன்றவை ஆயிரம் கோடி ஆண்டுகள் வாழ்கின்றன. மடியும் விண்மீன்கள் உமிழும் வாயுவிலிருந்து புதியவை பிறக்கின்றன. அப்படியானால் கேலக்ஸியின் பிரகாசமும் நிறமும் எப்படி மாறாமல் இருக்கும்? இந்தப் பிறப்பு இறப்புகளையெல்லாம் காலவரிசையில் படிப்படியாகக் கணினியில் கணக்கிட்டார். தொலைதூர கேலக்ஸிகளை நாம் அவற்றின் இளமையில், கூடுதல் பிரகாசத்தோடு பார்க்கிறோம் என்று தெரிந்தது. இதை விட்டுவிட்டுத் தொலைவைக் கணிப்பது, வளரும் பிள்ளையின் உயரத்தை அளவுகோலாக வைத்து வீட்டை அளப்பது போன்றது.

அந்தத் துறையின் பெரும்புள்ளியான ஆலன் சாண்டேஜ் இதை எளிதில் ஏற்கவில்லை. டின்ஸ்லி பின்வாங்கவும் இல்லை. 1974இல் காட், கன், ஷ்ராம் ஆகிய வானியற்பியலாளர்களோடு சேர்ந்து, கிடைத்த சான்றுகளையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்து, பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகும் என்று எழுதினார். 1998இல் வெடிக்கும் விண்மீன்களைக் கொண்டு செய்த அளவீடுகள் அதற்கும் மேலே போய், விரிவின் வேகம் கூடுகிறது என்று காட்டின.

இவ்வளவு செய்தவருக்கு டல்லாஸில் தகுந்த நிலையான பதவி கிடைக்கவில்லை. இது பெரும் அநீதி என்றே சொல்வேன். மணவிலக்குப் பெற்று, தத்தெடுத்த இரு குழந்தைகளையும் கணவரிடம் விட்டுவிட்டு யேல் பல்கலைக்கழகம் போனார். அந்த முடிவு அவரை எவ்வளவு வதைத்திருக்கும்! 1978இல் அங்கே வானியலின் முதல் பெண் பேராசிரியரானார். அதே ஆண்டு தோல் புற்றுநோய் தெரியவந்தது. நோய் முற்றி வலக்கை செயலிழந்தபோது இடக்கையால் எழுதப் பழகி ஆய்வைத் தொடர்ந்தார். 1981 மார்ச் 23இல் மறைந்தபோது வயது 40.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி காட்டும் கேலக்ஸிகளின் வயதைக் கணிக்கும் முறைகளுக்கு வழி அமைத்தவர்களில் முதன்மையானவர் அவர். வானியலாளர் ஹபிளைச் சொல்லித்தரும் பாடநூல்கள் டின்ஸ்லியையும் சொல்லித்தர வேண்டும்.